இந்தத் தோணியைக் கொத்திய ஓடாவி (தோணி செய்யும் தச்சர்) யார்?

குருமண்வெளியிலிருந்து:

அம்மப்பாவின் தோணி எங்கள் வளவு மாமரத்தின் கீழ் பல ஆண்டுகளாகக் கவிழ்ந்து கிடந்தது. ஒற்றை மரத்தைக் குடைந்து செய்தது. பெயரோ ஆண்டோ எங்கும் இல்லை. கடந்த மாரிக்கு முன் அதை நிமிர்த்தியபோது, மண்டூரிலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவர் உள்ளே குனிந்து, அடியில் இருந்த வாய்ச்சி (மரம் செதுக்கும் கருவி) பட்ட தழும்புகளில் தமது பெருவிரலை ஒவ்வொன்றாகப் பதித்து, மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். பாதிவழியில் விரல் நின்றது. "மனே, இது இடக்கையன் கொத்தின தோணி" என்றார். யார் என்று கேட்பதற்குள் பாதை (மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் மிதவை) புறப்படப்போகிறது என்று துறைக்கு எழுந்து போய்விட்டார். இரண்டு மாதங்களில் அவர் காலமானார். அன்று அவருடன் துறைவரை நடந்திருக்கலாம் என்று இன்னும் மனம் அரிக்கிறது.

கல்லடியிலிருந்து:

தம்பி, தழும்பின் சாய்வை மட்டும் வைத்து இடக்கையன் என்று முடிவு கட்ட வேண்டாம். ஓடாவி தோணிக்குள் நின்று கொத்தும்போது ஒரு பக்கச் சுவரில் தழும்பு ஒருவிதமாகவும் எதிர்ச்சுவரில் வேறுவிதமாகவும் விழும். அடையாளத்தை நம்பி நாங்கள் ஏமாந்தோம். 1978 நவம்பர் 23 சூறாவளியின் பின் வயலுக்குள் ஒதுங்கிக் கிடந்த தோணியின் விளிம்பில் மூன்று வெட்டுக் கண்ட அப்பா, தமது தோணி என்று கட்டிப்பிடித்து அழுதார். மறுநாள் வேறொரு குடும்பம் அதே மூன்று வெட்டைக் காட்டி உரிமை கேட்டது. அந்த வெட்டு ஓடாவி இட்டதா, உரிமையாளர் இட்டதா என்பது இன்றுவரை தீரவில்லை.

மருதமுனையிலிருந்து:

எங்களுடைய வள்ளம் 2004 சுனாமியில் போனது. வாப்பாவின் சவள் (துடுப்பு) ஒன்றே மிஞ்சியது. ஆகவே உங்களிடம் இருப்பதைக் கெடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், தழும்பு அழிந்தால் சாட்சியே அழிந்தது. இரவில் டோர்ச் லைட்டை மரத்தோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு கொத்தும் நிழலோடு எழுந்து நிற்கும். மெல்லிய தாளை விரித்து அதன்மேல் கரியைத் தேய்த்துப் படியெடுங்கள். ஆணிகள் இருந்தால் தண்டைப் பாருங்கள்: கொல்லன் அடித்தது சதுரமாக இருக்கும், ஆலையில் கம்பியிலிருந்து செய்தது உருண்டையாக இருக்கும். ஆனால் பழுதுக்கு ஒட்டுப்போட்ட பலகையில் உள்ள ஆணி பழுதுபார்த்தவருடையது. அதைக் கொண்டு தோணியின் வயதைச் சொல்ல முடியாது. நிறத்தைப் பார்த்து மரத்தை ஊகிக்காமல், உடைந்த ஓரத்திலிருந்து ஒரு சிறு சிராயை எடுத்து மரம் அறிந்தவரிடம் காட்டுங்கள். வெயிலில் மட்டும் போடாதீர்கள், வெடித்துவிடும்.

குருமண்வெளியிலிருந்து:

கல்லடி அண்ணன் சொன்னது நியாயம் என்பதால் சுவர்களை விட்டுவிட்டு அடியை மட்டும், நேற்றிரவு டோர்ச் வெளிச்சத்தில், முழுவதும் பார்த்தேன். பெரியவரின் விரல் நின்ற இடம்வரை எல்லாத் தழும்புகளும் ஒரே பக்கம் சாய்கின்றன. அங்கிருந்து அணியம் (தோணியின் முன்பக்கம்) வரை அவை மறுபக்கம் சாய்கின்றன, ஆழமும் குறைவு. அங்கே கொத்தியது வேறொரு கை என்றே எனக்குப் படுகிறது. மண்டூர், அம்பிளாந்துறைப் பக்கத்தில் இடக்கை ஓடாவி ஒருவரும் அவரிடம் தொழில் பழகியவரும் இருந்ததாக உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தால், தயவுசெய்து எழுதுங்கள்.