வெளிநாட்டு முதலீட்டுக்காக எட்டு மணி நேர வேலையை விட்டுக்கொடுக்கலாமா?

பெரம்பூர்வாசி:
1923-இல் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் மெரினா கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். சரியாக நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு வலுக்கவே, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். முதலீட்டாளர்கள் கேட்டார்கள் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். இதற்கா வாக்களித்தோம்?

ஒரகடம் பட்டறைக்காரர்:
ஐயா, நான் உதிரிபாகம் செய்துகொடுத்துப் பிழைப்பவன். வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது என்று அரசே சொன்னது. நான்கு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு. கர்நாடகச் சட்டமன்றம் அந்தப் பிப்ரவரியிலேயே இதற்கான திருத்த மசோதாவை நிறைவேற்றிவிட்டது. நாம் முரண்டு பிடித்தால் ஆர்டர் அங்கே போகும், இல்லையேல் வியட்நாமுக்குப் போகும். 2014-இல் நோக்கியா ஆலை மூடியதும் ஸ்ரீபெரும்புதூர் பட்ட பாட்டை மறந்துவிட்டீர்களா?

பெரம்பூர்வாசி:
நோக்கியா வரி வழக்கில் சிக்கியது. மைக்ரோசாஃப்ட் அந்த ஆலையை விட்டுவிட்டு நோக்கியாவின் கைபேசித் தொழிலை வாங்கியது. வேலை நேரத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு? மசோதாவைப் படித்துப் பாருங்கள். அன்றைய தொழிற்சாலைகள் சட்டத்தில் வார வரம்பைச் சொன்ன 51-ஆம் பிரிவு, மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி தந்த 59-ஆம் பிரிவு இரண்டிலிருந்தும் விலக்கு அளிக்க அதில் இடம் இருந்தது.

விடுதித் தோழி:
மின்னணு ஆலையில் நின்றுகொண்டே செய்யும் வேலை எனக்கு. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க விடியுமுன் எழுந்து குளியலறை வரிசையில் நிற்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்கே கணுக்கால் வீங்குகிறது. பன்னிரண்டு மணி நேரம் நின்றால் அந்த மூன்று நாள் ஓய்வும் வலிக்கே சரியாகிவிடும்.

தரமணி மாணவி:
உலகச் சந்தை சட்டத்தைத் தளர்த்த மட்டும் செய்வதில்லை. வங்கதேசத்தில் 2013-இல் ராணா பிளாசா என்ற ஆடை ஆலைக் கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டபின், வெளிநாட்டு ஆடை நிறுவனங்கள் ஆலைப் பாதுகாப்புக்காகத் தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டன. ஐரோப்பிய வர்த்தக உடன்பாட்டை ஒட்டி வியட்நாமும் அரசு சார்ந்த தொழிற்சங்கத்துக்கு வெளியே தொழிலாளர் அமைப்புகளை 2019 சட்டத்தில் அனுமதித்தது.

ஒரகடம் பட்டறைக்காரர்:
அதற்கெல்லாம் செலவு யார் தலையில்? தணிக்கைக்கு ஆள் அனுப்புகிறவர்கள் விலையில் ஒரு பைசா ஏற்றுவதில்லை.

தரமணி மாணவி:
அண்ணா, பாதுகாப்புச் செலவு கட்டுப்படியாகும்படி விலை பேச வேண்டும் என்று அந்த ஒப்பந்தத்திலேயே விதி உண்டு. கூலிக்கும் வேலை நேரத்துக்கும் அதையே கேட்போம். உங்களைப் போன்றவர்களும் சேர்ந்து கேட்டால் வலு கூடும்.

ஒரகடம் பட்டறைக்காரர்:
கேட்கலாம். ஆனால் நான் தனியாகக் கேட்டால் அடுத்த மாதம் ஆர்டர் வராது. எல்லா மாநிலமும் ஒரே நேரத்தில் கேட்கட்டும், முதல் கையெழுத்து என்னுடையது.