பக்கேஜ்களை உடனே அப்டேட் செய்வதா, கொஞ்சம் பொறுப்பதா?

உவர்மலைக்காரன்:

வணக்கம். திருகோணமலையில் நாங்கள் மூன்று பேர் கொண்ட ஒரு சின்னக் குழு. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் இருக்கும் விருந்தினர் விடுதிகளுக்கு அறை முன்பதிவு செய்யும் மென்பொருளைச் செய்து கொடுத்து, பராமரித்தும் வருகிறோம். ரியாக்ட் மேல் கட்டிய நெக்ஸ்ட் ஜேஎஸ், டேட்டாபேஸுக்குப் போஸ்ட்கிரெஸ், சேர்வர் சிங்கப்பூரில். சீசன் முடிந்து மாரி தொடங்கிய பிறகுதான் பெரிய மாற்றங்களில் கை வைப்போம்.

2025 செப்டெம்பரில் என்பிஎம் பக்கம் (மற்றவர்கள் எழுதி வைத்த ஜாவாஸ்கிரிப்ட் கோட்டைப் பக்கேஜ்களாக நாம் இறக்கும் இடம்) நடந்தது இங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். சோக், டிபக் மாதிரி யாருடைய புரொஜெக்ட்டைத் திறந்தாலும் இருக்கும் பக்கேஜ்களுக்குள் திருட்டுக் கோட் புகுந்தது. அடுத்த கிழமையே பக்கேஜிலிருந்து பக்கேஜுக்குத் தானாகப் பரவும் ஷாய்-ஹுலூத் புழு. அதோடு எங்களுக்குள் ஒரு தீர்மானம் எடுத்தோம்: புது வேர்ஷன் எதையும் வந்த கையோடு எடுப்பதில்லை, கொஞ்ச நாள் ஆறப் போட்டு எடுப்பது. நல்லாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தது. மாவிலாறு அணைக்கட்டு உடைந்து மூதூர்ப் பக்கமெல்லாம் வெள்ளம். எங்களில் ஒருவரின் வீடு மூதூரில். அவருடைய ஆட்கள் பத்திரம் என்று தெரியும் வரைக்கும் யாருக்கும் வேலையில் மனம் போகவில்லை. டவுனிலும் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது, போனில் சிக்னல் ஒரு கோடு. அந்தக் கிழமையில்தான், டிசம்பர் 3, ரியாக்ட்டில் இருந்த பாதுகாப்பு ஓட்டை வெளியானது. ஆபத்து மதிப்பெண் பத்துக்குப் பத்து. பாஸ்வேர்ட் ஒன்றும் தேவையில்லை, வெளியிலிருந்து ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பினாலே அனுப்பியவனின் கோட் நம்முடைய சேர்வரில் ஓடும்.

ஒருவர், “புதுசை ஆறப் போடுவது என்று நாங்கள்தானே முடிவெடுத்தோம், பொறுப்போம்” என்றார். மற்றவர் “இப்பவே” என்றார். இப்பவே செய்தோம். போன் ஹொட்ஸ்பொட்டில் இறக்கி முடிக்கச் சாமமாகிவிட்டது. ஆனால் எந்த நியாயத்தில் அப்படிச் செய்தோம் என்று எங்களிடம் எழுதி வைத்த முறை எதுவும் இல்லை. அடுத்த தடவையும் இதே வாக்குவாதம்தான் வரும். விடுதியில் தங்குகிறவர்களின் பாஸ்போர்ட் நகல்கள் வரை எங்கள் பொறுப்பில் இருக்கின்றன. உங்கள் குழுக்களில் இதை எப்படி முடிவு செய்கிறீர்கள்?

உட்துறைமுகம்:

தம்பி, உங்கள் ஆட்கள் இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆபத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள், வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும். செப்டெம்பரில் ஆபத்து புது வேர்ஷனுக்குள் இருந்தது. டிசம்பரில் ஏற்கனவே உங்கள் சேர்வரில் ஓடிக்கொண்டிருந்த பழைய வேர்ஷனுக்குள் இருந்தது. முதலாவதில் பொறுத்தவன் தப்பினான், இரண்டாவதில் பொறுத்தவன் மாட்டினான்.

செப்டெம்பர் 8 நடந்ததை வடிவாகப் பாருங்கள். பக்கேஜ்களைப் பராமரிக்கும் ஒருவருக்கு என்பிஎம் உதவிப் பிரிவு அனுப்பியது போல ஒரு மின்னஞ்சல்: இரண்டடுக்குப் பாதுகாப்பைப் புதுப்பிக்காவிட்டால் 10ஆம் திகதி கணக்கு முடக்கப்படும் என்று. அவர் அதை நம்பினார். 18 பக்கேஜ்கள் திருடன் கைக்குப் போயின. கிழமைக்கு எல்லாமாகச் சேர்த்து 200 கோடித் தடவைக்கு மேல் இறக்கப்படுபவை அவை. ஆனால் சுமார் இரண்டு மணித்தியாலத்தில் ஆட்கள் கண்டுபிடித்து விட்டார்கள். அதாவது ஒரே ஒரு நாள் பொறுத்த யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆறப் போடுவதற்கு இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

இதை ஆட்களின் ஞாபகத்தில் விடாதீர்கள், டூலிடம் கொடுத்துவிடுங்கள். பக்கேஜ் இறக்க என்பிஎம் கட்டளைக்குப் பதில் நான் பிஎன்பிஎம் பாவிக்கிறேன். அதன் 10.16 வேர்ஷனில் மினிமம் ரிலீஸ் ஏஜ் என்று ஒரு செட்டிங் வந்தது. அதில் நிமிடக் கணக்கில்தான் எழுத வேண்டும், ஏழு நாள் என்றால் 10080. வெளியாகி அவ்வளவு நேரம் ஆகாத எதையும் அது தொடாது. கூடவே விலக்குப் பட்டியலும் உண்டு. டிசம்பர் 3 மாதிரி நாளில் ரியாக்ட், நெக்ஸ்ட் சார்ந்த பக்கேஜ்களின் பெயர்களை மட்டும் அந்தப் பட்டியலில் போட்டு எடுக்க வேண்டும், மற்றதெல்லாம் ஆறட்டும். அவசரத்தில் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்தால், திருத்தம் எடுக்கப் போய் வேறொரு திருட்டுக் கோட்டையும் கூட்டிக்கொண்டு வரலாம்.

இன்னொரு விஷயம், ஷாய்-ஹுலூத் பரவியது இன்ஸ்டால் நேரத்தில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்டுகள் வழியாக. பிஎன்பிஎம் 10 முதல் அவற்றைத் தானாக ஓட விடுவதில்லை, தேவையானதற்கு மட்டும் நாமே அனுமதி கொடுக்க வேண்டும். என்பிஎம்மிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் இக்னோர் ஸ்கிரிப்ட்ஸ் என்பதைப் போட்டுவிட்டு, சேர்வரில் இன்ஸ்டாலுக்குப் பதில் சிஐ கட்டளையை ஓட்டுங்கள். அது லொக் ஃபைலில் (எந்தப் பக்கேஜ், எந்த வேர்ஷன் என்று குறித்து வைக்கும் ஃபைல்) இருப்பதை அப்படியே எடுக்கும், சொந்தமாக ஒன்றும் யோசிக்காது.

ஏழு நாள் எல்லாவற்றையும் பிடிக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. எக்ஸ்ஸெட் என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருள் விஷயத்தில், களவாகப் பின்கதவு வைத்த 5.6.0 வேர்ஷன் 2024 பெப்ரவரியில் வந்தது, வெளிச்சத்துக்கு வந்தது மார்ச் 29. அதுவும் போஸ்ட்கிரெஸ்ஸில் வேலை செய்யும் அந்திரெஸ் ஃப்ரொய்ன்ட், தூரத்துச் சேர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லொகின் அரை செக்கன் பிந்துகிறதே என்று மினக்கெட்டுத் தேடிப் பார்த்ததால். அரை செக்கன்தானே என்று அவர் விட்டிருந்தால் இன்றைக்கு எத்தனை சேர்வரில் அது இருந்திருக்கும்! அப்போது தப்பியவை டெபியன் லினக்ஸின் ஸ்டேபிள் மாதிரி ஆறுதலாக நகரும் வெளியீடுகள். அதனால் சேர்வரில் ஸ்டேபிள் போடுங்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

செய்தி வாசிப்பதைப் பற்றி: சமூக வலைத்தளத்தில் “உடனே அப்டேட் பண்ணு” என்று வரும் கூச்சலை வைத்து நான் எதையும் தொடங்குவதில்லை. கோட் வைக்கும் தளமான கிட்ஹப்பின் எச்சரிக்கையில் நம் புரொஜெக்ட்டில் இருக்கும் பக்கேஜின் பெயர் வந்திருக்கிறதா, எந்த வேர்ஷனிலிருந்து எந்த வேர்ஷன் வரை என்று போட்டிருக்கிறார்கள், அந்தப் பகுதியை நாம் பாவிக்கிறோமா என்றுதான் பார்ப்பேன். ரியாக்ட் ஓட்டை 19 வரிசைக்கு உரியது. 18இல் இருந்த என் பழைய வேலை ஒன்றை அன்று நான் தொடவே இல்லை.

வெள்ளவத்தை:

நானும் திருகோணமலைதான், இப்போது கொழும்பில். அக்கா சொன்னதோடு இரண்டு விஷயம்.

லைன் மெல்லியதாக இருக்கும் நேரத்தில் எதையும் உங்கள் லப்டொப்புக்கு இறக்காதீர்கள். இந்தத் திருத்தத்தில் உண்மையில் மாறுவது வேர்ஷன் எண்ணும் லொக் ஃபைலில் சில வரிகளும்தான். சிங்கப்பூர் சேர்வருக்குள் போய் அங்கேயே லொக் ஃபைலைப் புதுப்பித்து, அங்கேயே பில்ட் செய்யலாம். இறக்கும் வேலை முழுவதும் அந்தப் பக்கத்து இணைப்பில் நடக்கும், உங்கள் போனில் போவது எழுத்து மட்டும். எஸ்எஸ்எச்சுக்குப் பதில் மொஷ் பாவியுங்கள். சிக்னல் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். உள்ளே டிமக்ஸ் இருந்தால் லப்டொப் அணைந்தாலும் பில்ட் ஓடிக்கொண்டிருக்கும்.

மற்றது, அவசரம் என்றாலும் ஒரு தடவை சோதித்துவிட்டு ஏற்றுங்கள். இதே ரியாக்ட் ஓட்டையிலிருந்து வாடிக்கையாளரைக் காப்பாற்ற டிசம்பர் 5 கிளவுட்ஃபிளேர் (இணையத்தளங்களுக்கு முன்னால் நின்று பாதுகாக்கும் நிறுவனம்) செய்த ஒரு மாற்றமே அவர்களின் வலையமைப்பில் ஒரு பகுதியைச் சுமார் 25 நிமிடம் விழுத்தியது. டிசம்பர் 11 இன்னும் இரண்டு ஓட்டைகள் வெளியாகி, ஏற்கனவே அப்டேட் செய்தவர்களும் மறுபடி செய்ய வேண்டி வந்தது. அதையும் எடுத்தீர்களா என்று பாருங்கள். டிசம்பர் 4 வரை பழைய வேர்ஷன் வெளியில் திறந்து கிடந்திருந்தால் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், ஏபிஐ சாவிகள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். உள்ளே வந்தவன் அவற்றைத்தான் முதலில் எடுத்திருப்பான்.

கோணேசபுரி மாணவன்:

அக்கா, ஒரு சந்தேகம். அந்தப் பராமரிப்பாளரிடம் இரண்டடுக்குப் பாதுகாப்பு இருந்ததுதானே? பிறகு எப்படி உள்ளே போனார்கள்?

உட்துறைமுகம்:

நல்ல கேள்வி. போனில் வரும் ஆறு இலக்கத்தைப் பொய்த் தளத்தில் அடித்தாலும் அது உண்மையான இலக்கம்தான். அந்த அரை நிமிடத்துக்குள் அவன் அதை நிஜத் தளத்தில் போட்டு நுழைந்துவிடுவான். பாஸ்கீ (போனிலோ லப்டொப்பிலோ இருக்கும் லொகின் சாவி), அல்லது யுஎஸ்பியில் செருகும் பாதுகாப்புச் சாவி என்றால் இது நடக்காது. அது எந்த முகவரிக்குப் பதியப்பட்டதோ அந்த முகவரிக்கு மட்டும்தான் பதில் கொடுக்கும். அன்றைய மின்னஞ்சல் வந்தது என்பிஎம்ஜேஎஸ் டொட் ஹெல்ப் என்ற முகவரியிலிருந்து. கண்ணுக்கு அது சரியாகத் தெரிந்தாலும் சாவி ஏமாறாது. நீங்கள் கெம்பஸ் புரொஜெக்ட்டுக்குத் திறந்த கிட்ஹப் கணக்கிலேயே இன்றைக்குப் பாஸ்கீ போட்டுப் பாருங்கள், காசு கொடுக்கத் தேவையில்லை.

உவர்மலைக்காரன்:

மிக்க நன்றி அக்கா, நன்றி அண்ணா. டிசம்பர் 11 திருத்தத்தையும் எடுத்துவிட்டோம், சாவிகளை இன்றிரவு மாற்றுகிறோம். ஆபத்து பழையதிலா புதியதிலா என்ற கேள்வியை எங்கள் புரொஜெக்ட்டின் ரீட்மீ ஃபைலில் முதல் வரியாகப் போட்டிருக்கிறேன். பாஸ்போர்ட் நகல்களை என்ன செய்வது என்றுதான் யோசிக்கிறேன். அவை இப்போது அதே சேர்வரில் ஒரு ஃபோல்டரில்.

உட்துறைமுகம்:

அதை முதலில் பாருங்கள் தம்பி, பக்கேஜ் எல்லாம் பிறகு. வெளியிலிருந்து கோட் ஓட்டக்கூடிய ஓட்டை ஒன்று வந்தால் அந்த ஃபோல்டர் அவன் கையில். நகல்களை வேறு ஸ்டோரேஜுக்கு மாற்றி, மறைகுறியாக்கி, திறக்கும் சாவி வெப் சேர்வரில் இல்லாதபடி செய்யுங்கள். விருந்தினர் போன பிறகு எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று விடுதிக்காரர்களிடம் எழுத்தில் வாங்கி, அந்தத் திகதி தாண்டினால் தானாக அழியும்படி ஒரு ஜொப் போடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒரு தடவை இருந்து வாசியுங்கள், தமிழிலும் இருக்கிறது. தரவை வைத்திருக்கச் சொல்கிறவருக்கும் அவருக்காக வைத்திருக்கும் உங்களுக்கும் தனித்தனிக் கடமைகள் போட்டிருக்கிறார்கள். விடுதிக்காரரோடு ஒப்பந்தம் எழுதும்போது அது தேவைப்படும்.