தங்கவயல் ஆவணப்படம்: பேட்டியில் ஒரே இரைச்சல், எந்தக் கேமரா வாங்கலாம்? அவசரம்

லைன்வீட்டுப்பையன்
வணக்கம். வேலை பெங்களூரில், சொந்த ஊர் தங்கவயல். தங்கச் சுரங்கம் மூடியதிலிருந்து விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோகிற சனங்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க இறங்கியிருக்கிறேன். முதல் பேட்டி எங்கள் பெரியப்பா, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். போனில் எடுத்தேன், படம் பரவாயில்லை, பேச்சு தேறவில்லை. அடுத்த வாரம் மறுபடி போகிறேன். எந்தக் கேமரா நல்லது? சீக்கிரம் சொல்லுங்கள்.

அல்சூர்_ஏரி
பட்ஜெட் எவ்வளவு? என்ன போன்? படம் எத்தனை நிமிஷம்? கூட யாராவது இருக்கிறார்களா, தனி ஆளா? என்னைக் கேட்டால் பழைய மிரர்லெஸ் கேமரா ஒன்றும் 50 எம்எம் லென்ஸும் போதும்.

பழைய_ரீல்
தம்பி, இங்கே மாசம் ஒருத்தர் இதையேதான் கேட்கிறார். முதலில் பழைய இழைகளைப் படித்துவிட்டு வாருங்கள். படம் என்ன சொல்லப்போகிறது என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்களா? அது இல்லாமல் கேமரா வாங்கி என்ன செய்யப்போகிறீர்கள்?

ஒலிப்பித்தன்
இரைச்சல் என்றால் எப்படி? 'ம்ம்ம்' என்று ஒரே சீராகவா, அவர் பேச்சை நிறுத்தும்போது மட்டும் ஏறுகிறதா? போன் எவ்வளவு தூரத்தில் இருந்தது? சார்ஜர் குத்தியிருந்ததா? ஃபேன்?

லைன்வீட்டுப்பையன்
போன் எதிர்ச் சுவரோரம், ட்ரைபாடில். சார்ஜரில்தான் இருந்தது. அவர் நிறுத்தினால் இரைச்சல் ஏறுகிறது. ஃபேனை நிறுத்த முடியாது, பெரியப்பாவுக்கு சிலிகோசிஸ் (கல்தூசியால் வரும் நுரையீரல் நோய்), காற்று இல்லாமல் உட்கார முடியாது. கையில் ஒண்ணரை லட்சம் இருக்கிறது, நான் மட்டும்தான்.

ஒலிப்பித்தன்
அப்போது கேமராவை விடுங்கள், இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. போன் தானாகவே ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கிறது, அதனால் பேச்சு நின்றதும் ஃபேன் சத்தத்தைத் தூக்கிவிடுகிறது. ஒரு காலர் மைக் வாங்குங்கள், தாடைக்கு ஒரு சாண் கீழே, நெஞ்சில் குத்துங்கள், அளவைக் கையால் வையுங்கள், உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பவர் பேங்கில் ஓட்டுங்கள். ஃபேன் ஓடட்டும், ஆனால் அவருக்குப் பின்னாலிருந்து வராமல் பக்கவாட்டில், மைக்கில் நேராகக் காற்று படாத மாதிரி திருப்பி வையுங்கள். மைக் முனையில் பஞ்சு உறை கட்டாயம். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அறைச் சத்தத்தை மட்டும் ஒரு நிமிஷம் தனியாகப் பதியுங்கள், எடிட்டில் வெட்டு தெரியாமல் ஒட்ட அதுதான் உதவும். அவர் மூச்சு வாங்குகிற சத்தத்தைத் துடைக்காதீர்கள், தயவுசெய்து.

அல்சூர்_ஏரி
ட்யூப்லைட் இருந்தால் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வையுங்கள். நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், இல்லாவிட்டால் படம் சிமிட்டும்.

பழைய_ரீல்
மைக் சரி. ரயிலுக்குள் எடுக்க அனுமதி வாங்கியாச்சா? தென்மேற்கு ரயில்வேயிடம் எழுதிக் கேட்க வேண்டும். திரையிட தணிக்கைச் சான்றும் வேண்டும், 1952 திரைப்படச் சட்டம் ஆவணப்படத்துக்கும் பொருந்தும்.

மாட்டுங்கா_மணி
சான்றா? தனி ஆள் எடுக்கிற படத்துக்கு எதற்கு இந்தப் பயமுறுத்தல்? விழாக்களுக்கு விலக்கு உண்டு. 2004 மும்பை சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு இந்தியப் படங்களுக்கு மட்டும் சான்று கேட்டபோது எதிர்த்து நின்று அந்த நிபந்தனையை எடுக்கவைத்தவர்கள் ஆவணப்படக்காரர்கள்தான். அப்புறம் பல படங்களை விழா ஒதுக்கியதும் விகல்ப் என்று தனியாகத் திரையிட்டார்கள்.

பழைய_ரீல்
விலக்கு விழாவுக்கு மட்டும். ஊர் மண்டபத்தில் டிக்கெட் போட்டுக் காட்டினால்?

மாட்டுங்கா_மணி
டிக்கெட் போடுவதாக அவர் சொன்னாரா? படம் எடுக்கும் முன்பே ஆளை விரட்டுகிறீர்கள்.

பழைய_ரீல்
விரட்டவில்லை. படம் முடிந்த பிறகு பெட்டியில் தூங்கிய கதைகளைப் பக்கத்திலிருந்து பார்த்தவன், அதனால் சொல்கிறேன்.

மாரிக்குப்பம்_மகள்
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, நான் அந்த ரயிலில் வந்தவள். மாரிக்குப்பத்தில் ஏறுகிறவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கும், பங்காரப்பேட்டைக்கு அப்புறம் நிற்கவே இடம் இல்லை. முகத்துக்கு நேரே கேமராவை நீட்டினால் தூங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்கள். கொஞ்ச நாள் சும்மா கூடவே போய்வாருங்கள், எல்லோருக்கும் முகம் பழகட்டும். எங்கள் அம்மா சுரங்கம் மூடிய 2001 பிப்ரவரி 28 பற்றிப் பேசமாட்டார், ஆனால் சம்பள நாளில் என்ன வாங்குவார்கள் என்று கேட்டால் நிறுத்தமாட்டார். பெரியப்பாவிடமும் அப்படிக் கேளுங்கள். கோடைக்காற்றில் சயனைடு மேட்டிலிருந்து (தங்கம் பிரித்த கழிவு மண் குவியல்) தூசி வீட்டுக்குள் வரும், ஜன்னலில் ஈரத்துணி கட்டுவோம். அதையும் எடுங்கள்.

அல்சூர்_ஏரி
பெங்களூரிலேயே இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் இருக்கிறது, கலைத் திட்டங்களுக்கு நல்கை தருகிறார்கள். அறிவிப்பு வரும்போது பாருங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

லைன்வீட்டுப்பையன்
காலர் மைக் நண்பரிடம் இரவல் வாங்கிப் போய் எடுத்துவந்தேன். ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது. அரை மணி நேரத்தில் களைத்துவிடுகிறார், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்கிறேன். மகள் அக்கா, சம்பள நாளைக் கேட்டேன், மட்டன் கடை வரிசையில் ஆரம்பித்தவர் மூடிய நாள்வரை தானாகவே வந்துவிட்டார். கேமரா வாங்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

பழைய_ரீல்
நல்லது தம்பி. ரயில்வேக்கு எழுதினீர்களா?