எஃப் கார்டு மூன்று மாதமாக வரவில்லை, குறை கையிலா கிட்டாரிலா?

நீடாமங்கலத்தான்:
எங்கள் பக்கம் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் வாத்தியார் உண்டு, கிட்டாருக்குக் கிடையாது. அதனால் வீடியோ பார்த்துத்தான் கற்கிறேன். தெரிந்தவரிடம் பழைய ஸ்டீல் கம்பி கிட்டார் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. சி, ஜி, ஏ மைனர் கார்டுகள் (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடிகள்) ஓரளவு வருகிறது. எஃப்புக்கு ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் சேர்த்து அழுத்தினால் இரண்டு கம்பி டொக் டொக் என்கிறது. தினமும் ஒன்றரை மணி நேரம் இதோடு மல்லுக்கட்டி மணிக்கட்டே வலிக்கிறது. எனக்கு விரல் குட்டை, விட்டுவிடலாமா?

குடந்தைக்காரன்:
விடாதீங்க தம்பி. முதலில் ஒன்று செய்து பாருங்கள். அதே எஃப் பிடியை அப்படியே ஐந்தாவது ஃபிரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைக்கு) நகர்த்துங்கள், அது ஏ கார்டு. அங்கே நன்றாகக் கேட்டால் குறை பெரும்பாலும் விரலில் இல்லை, நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சின்னப் பட்டை) உயரமாக இருக்கலாம். இன்னொரு சோதனை: ஒரு கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டுக்கு மேலே பாருங்கள், ஒரு தாள் கனம் இடைவெளிதான் இருக்க வேண்டும். அதற்கு மேல் நிறைய இருந்தால் நட்டின் பள்ளத்தை ஆழமாக்க வேண்டும், ஆனால் நீங்களே அரத்தை எடுக்காதீர்கள். ஒரு இழுப்பு கூடினால் கம்பி இரைய ஆரம்பித்துவிடும், நட்டையே மாற்ற வேண்டியதுதான், எனக்கு அப்படித்தான் ஆனது. சரிசெய்யும்வரை எல்லாக் கம்பியையும் அரை ஸ்வரம் இறக்கி, முதல் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) மாட்டி வாசியுங்கள். சுருதி பழையபடியே இருக்கும், அழுத்துவது லேசாகும்.

விரல் நுனி எரிந்தால் பரவாயில்லை, காய்ப்பு ஏறிவிடும். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு உடனே நிறுத்திவிடுங்கள்.

திருவாரூர் மழை:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. ஐப்பசி கார்த்திகையில் நம் ஊர் ஈரத்துக்குக் கிட்டாரின் முன்பலகை உப்பி, கம்பி இன்னும் மேலே ஏறும். சுவரில் மாட்டாமல் உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். வாசித்து முடித்ததும் கம்பியைத் துடைக்காவிட்டால் துருதான்.

ஐயாற்று வீணை:
வீணை படிக்கிறேன், கிட்டாரும் வாசிப்பேன். கார்டை மட்டும் பிடித்துக்கொண்டு ஏன் கஷ்டப்பட வேண்டும்? கர்நாடக சங்கீதத்தின் முதல் பாடமான சரளி வரிசை வாசியுங்களேன். ஏ கம்பியில் (தடித்த பக்கத்திலிருந்து இரண்டாவது) மூன்றாவது ஃபிரெட்டை ஸ என்று வைத்தால் அதற்கான மாயாமாளவகௌளை ராகம் 3, 4, 7, 8, 10, 11, 14, 15 ஃபிரெட்டுகளில் வரும். மூன்று காலத்திலும் (வேகத்திலும்) வாசித்தால் இடது கை தானாக இளகும். எனக்கு எந்தப் பயிற்சியைவிடவும் இதுதான் உதவியது. எஃப்புக்கு இப்போதைக்கு மெல்லிய நாலு கம்பி மட்டும் போதும்: அந்த நாலில் தடித்ததிலிருந்து வரிசையாக 3, 2, 1, 1 ஆவது ஃபிரெட்.

நீடாமங்கலத்தான்:
ஐந்தாவது ஃபிரெட்டில் ஆறு கம்பியும் கேட்டது அண்ணா!! நட் பக்கம் தாள் இல்லை, அட்டையே நுழைகிறது. ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் எடுத்துப் போகிறேன். சரளி வரிசை இன்று ராத்திரியே ஆரம்பம்.