பெர்லின் சுவர் இருந்த இடத்தில் யாரைச் சந்தித்தீர்கள்? (அனுபவப் பகிர்வு)

மாடவிளக்கு

நடந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஜெர்மனியில் மாக்டெபுர்க் நகரில் முதுகலை படிக்கிறேன். தேர்வு முடிந்த மறுநாள், ஒரு புதன்கிழமை, முதல் ரயிலைப் பிடித்து பெர்லின் போனேன். சுற்றிய மற்ற இடங்கள் எல்லாரும் அறிந்தவைதான். பெர்னாவர் தெருவை மட்டும் சொல்கிறேன்.

கிழக்கு பெர்லினையும் மேற்கு பெர்லினையும் பிரித்த சுவர் ஓடிய நிலத்தில் அங்கே ஒரு சின்ன தேவாலயம் இருக்கிறது. முன்பு அங்கிருந்த பெரிய தேவாலயம் எல்லைப் பட்டைக்குள் மாட்டிக்கொண்டு ஆளில்லாமல் கிடந்தது. 1985இல் கிழக்கு ஜெர்மனி அரசே அதை வெடிவைத்துத் தகர்த்தது. அதே இடத்தில் 2000ஆம் ஆண்டு எழுந்தது இது. மழைக்கு ஒதுங்கத்தான் உள்ளே நுழைந்தேன். மண் சுவர்! எங்கள் ஆச்சி வீட்டில் இருந்ததைப் போல, மண்ணை அடுக்கடுக்காக இடித்து இறுக்கி எழுப்பிய சுவர். கிட்டப் போய்ப் பார்த்தால் மண்ணுக்குள் செங்கல் சில்லு, ஓட்டுத் துண்டு, நகத்தளவு கண்ணாடி. தகர்த்த தேவாலயத்தின் இடிபாடுகளையே மண்ணோடு சேர்த்து இடித்திருக்கிறார்கள். விரலால் தடவினேன். மண் வெதுவெதுப்பாகவும் கண்ணாடி மட்டும் சில்லென்றும் இருந்தது.

மணி பன்னிரண்டு அடித்தது. செவ்வாய் முதல் வெள்ளி வரை அந்த நேரத்தில், சுவரில் உயிர்விட்ட ஒருவரின் வாழ்க்கையை வாசிப்பது அங்கே வழக்கமாம். ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். அன்று ஈடா சீக்மானின் கதை. என் ஜெர்மன் அரைகுறை. பக்கத்து நாற்காலியில் ஒரு பாட்டி, எண்பதைத் தாண்டியவர். "பெர்னாவர் தெரு, எண் 48" என்று வாசித்தபோது அவருடைய உதடும் சேர்ந்து அசைந்தது. முடிந்ததும் என் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "உங்களுக்கு என்ன புரிந்தது?" என்று கேட்டார்.

"ஜன்னல். மெத்தை. பிறந்தநாள்" என்றேன்.

"அது போதும்" என்று என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முழு விவரத்தைத் திரும்பும் ரயிலில்தான் தேடிப் படித்தேன். அந்தத் தெருவில் ஒரு பக்கத்து வீடுகள் கிழக்கைச் சேர்ந்தவை, வாசலுக்கு வெளியே இருந்த நடைபாதை மேற்கைச் சேர்ந்தது. 1961 ஆகஸ்ட் 13 அன்று எல்லையை மூடினார்கள். பிறகு வாசல்களையும் அடைத்தார்கள். ஜன்னல்தான் மிச்சம். ஆகஸ்ட் 22 அன்று ஈடா மூன்றாம் மாடியிலிருந்து மெத்தைகளைக் கீழே எறிந்துவிட்டு, தீயணைப்புப் படையினர் வலை விரிப்பதற்குள் குதித்துவிட்டார். மறுநாள் அவருக்கு 59ஆவது பிறந்தநாள். சுவர் வாங்கிய முதல் உயிர் அவருடையது.

எண் 48 என்றபோது பாட்டியின் உதடு ஏன் அசைந்தது? தெருவின் எந்தப் பக்கம் அவர் வீடு? நான் கேட்கவே இல்லை.

வடலி

மாடவிளக்கு, உங்கள் பதிவை வாசித்த கையோடு மாமாவுடன் தொலைபேசியில் கதைத்தேன். போன கோடையில் அவரை பெர்லினுக்கு அழைத்துப் போனது நான்தான்.

எண்பதுகளில் இலங்கைத் தமிழரான எங்கள் ஆட்கள் ஜெர்மனிக்கு வந்த வழி பலருக்குத் தெரிந்திருக்கும். கிழக்கில் ஷோனஃபெல்ட் விமான நிலையம், அங்கிருந்து ஃபிரீட்ரிக் தெரு ரயில் நிலையம், அப்படியே மேற்கு பெர்லின். கிழக்குக்காரர்கள் இடைவழி (டிரான்சிட்) விசா கொடுத்து மேற்குக்கு அனுப்பிவிட்டார்கள். மேற்குப் பக்கம் கடவுச்சீட்டைப் பார்க்க ஆளில்லை, ஏனென்றால் அங்கே சோதனைச் சாவடி போட்டால் அதைச் சர்வதேச எல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். மாமா 1985 மாசியில் வந்தவர். அந்த ஆண்டின் நடுப்பகுதியிலேயே போகும் நாட்டின் விசா இல்லாத இலங்கைத் தமிழருக்கு அந்த வழியை அடைத்துவிட்டார்கள்.

அந்த நிலையத்தை ஒட்டி, மேற்குக்குப் புறப்படுவோருக்காகக் கட்டிய மண்டபம் இன்று அருங்காட்சியகம். வழியனுப்ப வந்தவர்கள் அழுத அழுகையால் அதற்குக் கண்ணீர் மாளிகை என்று பெயர். கடவுச்சீட்டுச் சோதனைக் கூண்டு ஒன்றை அப்படியே வைத்திருக்கிறார்கள். ஓர் ஆள் நிற்கும் ஒடுக்கம், உயரமான மேசை. மாமா உள்ளே போனார். வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பையில் மூக்குக் கண்ணாடிதான் இருந்தது. கையை அங்கேயே வைத்தபடி நின்றார். எதிரே காவலன் இல்லை, யாரும் இல்லை. ஆனாலும் "போகலாம்" என்று யாரோ சொல்ல வேண்டும் என்பதுபோல் காத்து நின்றார்.

பின்னால் வரிசையில் அவர் வயதுள்ள ஒரு ஜெர்மன் அம்மா. "நீங்களும் இதன் வழியாகப் போனவரா?" என்று கேட்டார். மாமா ஆம் என்றார். அந்த அம்மா மேற்கில் இருந்தவர், தம்பி கிழக்கில். பார்க்க வந்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் தம்பியை வாசலில் விட்டுவிட்டு இந்தக் கூண்டுக்குள் தனியாக நுழைவாராம். "எனக்கு உயிர் கொடுத்த கதவு இது" என்றார் மாமா. அதற்குமேல் இருவரும் பேசவில்லை. அந்தக் கதவை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றதுதான் என் கண்ணிலேயே நிற்கிறது.

பாதசாரி

வடலி, உங்கள் மாமா பட்ட பாட்டை மதிக்கிறேன். ஆனால் "உயிர் கொடுத்த கதவு" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இரக்கப்பட்டுத் திறந்த கதவா அது? வெளிநாட்டுக்காரரை மேற்குக்கு அனுப்பிவிட்ட அதே அரசு, வெளியேற முயன்ற சொந்த மக்களைச் சுட்டது. பெர்லின் சுவரில் மட்டும் குறைந்தது 140 பேர் இறந்திருக்கிறார்கள்.

என் அனுபவம் சிறியது. சிம்மர் தெருவில் பீட்டர் ஃபெக்டரின் நினைவுத் தூண் முன்னால் ஒரு பள்ளிக்கூட வகுப்பு நின்றது. 1962 ஆகஸ்ட் 17 அன்று சுடப்பட்ட 18 வயதுப் பையன் அவர். சுவரடியில் இரத்தம் கொட்டக் கிடந்தார், இரு பக்கத்திலிருந்தும் யாரும் கிட்டப் போகவில்லை. "எவ்வளவு நேரம்?" என்று ஒரு மாணவன் கேட்டான். "ஏறக்குறைய ஒரு மணி நேரம்" என்றார் ஆசிரியர். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். வகுப்பு நகர்ந்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்பவர்களுக்குச் சில சொற்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், கண்ணீர் மாளிகைக்கு அன்று விடுமுறை. மற்ற நாட்களில் அனுமதி இலவசம். காலையில் நார்ட்பான்ஹோஃப் நிலையத்தில் இறங்குங்கள், சுவர் இருந்த காலத்தில் மூடிக்கிடந்த ரயில் நிலையங்களைப் பற்றிய கண்காட்சி நிலையத்துக்குள்ளேயே இருக்கிறது. வெளியே வந்தால் பெர்னாவர் தெரு. அதை நடந்தே முடித்துவிட்டு எம்10 ட்ராமில் ஏறினால் வார்ஷவர் தெருவில் விடும். அங்கிருந்து ஓபர்பவும் பாலத்தருகே இறங்கினால் ஓவியம் தீட்டிய சுவர், 1.3 கிலோமீட்டர் நீளம். அன்று கிழக்கு-மேற்கு எல்லையைக் கடக்கும் இடமாக இருந்த செக்பாயின்ட் சார்லியில் இப்போது நிற்கும் சாவடி மறுபிரதி. அங்கே நேரத்தைக் கொடுக்காமல் சில நிமிடம் நடந்து ஃபெக்டரின் தூணுக்குப் போங்கள். நகரத்துக்குள் எங்கு நடந்தாலும் தரையைப் பாருங்கள், இரட்டை வரிசைக் கற்கள் பதித்திருந்தால் சுவர் ஓடிய தடம் அதுதான். ஏ-பி மண்டல நாள் டிக்கெட் எடுத்தால் எல்லாவற்றுக்கும் போதும், முத்திரை குத்த மறக்காதீர்கள். குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடும், வெளியிடங்களை முதலில் முடித்துவிடுங்கள்.

தாழம்பூ

டிக்கெட் விவரம் இங்கே யாரும் கேட்கவில்லை, பாதசாரி. வடலியின் மாமா தன் உயிரைப் பற்றிப் பேசினார், அரசைப் பாராட்டவில்லை. அந்தப் பையனின் கைக்கடிகாரத்தைச் சொன்னீர்களே, அதற்கு நன்றி.

எனக்கு நேர்ந்தது யு8 சுரங்க ரயிலில். மேற்கின் தடம் அது, ஆனால் நடுவில் ஆறு நிலையங்கள் கிழக்கின் அடியில் இருந்தன. 28 ஆண்டு ரயில் அவற்றில் நிற்காமல் வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டு போனது. மங்கிய விளக்கு, தூணோரம் காவலர்கள்.

எதிரே ஒரு தாத்தா, மடியில் ரொட்டிப் பை. மோரிட்ஸ் பிளாட்ஸ் வந்ததும், "மேற்கு பெர்லினில் கடைசி நிலையம் என்று இங்கேதான் அறிவிப்பார்கள்" என்று என்னிடம் சொன்னார். அவ்வளவுதான், பேச்சை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறக்கும், ஆட்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள். அவர் திறந்த கதவையே பார்த்தார். ரொட்டிப் பையின் வாயை விரல் மடித்துக்கொண்டே இருந்தது. அந்த ஆறு நிலையங்களும் கடந்து வோல்டா தெரு வந்ததும் எழுந்தார். "இப்போதும் கதவு திறக்கும்போது முதலில் திகைத்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

நான் இறங்க வேண்டியது அதற்கு முந்தைய நிலையம், பெர்னாவர் தெரு. அவரைப் பார்த்துக்கொண்டே விட்டுவிட்டேன்.

வடலி

நன்றி தாழம்பூ. பாதசாரி, ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அந்த அம்மாவிடம் "உயிர் கொடுத்த கதவு" என்று சொல்வதற்கு முன் மாமா சொன்ன முதல் சொல் "மன்னித்துக்கொள்ளுங்கள்". அந்தக் கதவு யார் யாரை அழ வைத்தது என்பது அவருக்குத் தெரியும்.

பாதசாரி

அதை முதலிலேயே எழுதியிருந்தால் நான் அப்படிப் பேசியிருக்க மாட்டேன். மாமாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

மாடவிளக்கு

நேற்று புதன். மறுபடியும் போனேன். தேவாலயத்தைச் சுற்றி விதைத்திருக்கும் ரை என்ற தானியப் பயிர் விரல் உயரத்துக்குப் பச்சை கட்டியிருந்தது. பன்னிரண்டு மணிக்கு வேறொருவரின் வாழ்க்கையை வாசித்தார்கள். பாட்டி வரவில்லை. வாசித்தவரிடம் அடையாளம் சொல்லி விசாரித்தேன். "குடையோடு வருபவரா? வருவார், ஆனால் எல்லா வாரமும் இல்லை" என்றார்.

அடுத்த புதன் ஆய்வக வேலை. அதற்கடுத்த புதன் போகிறேன்.