காஷ்போவுக்கு ஒரு தமிழ்ச்சொல்: அலங்காரத் தொட்டியா, தொட்டியுறையா?

அன்புள்ள குழுவினருக்கு, குன்னூரிலிருந்து வணக்கம்.

அறைச்செடிகளையும் அவற்றின் கலங்களையும் வீட்டின் அமைப்புக்கு ஏற்ப அணிசெய்யும் செடியணி பற்றிய நம் சொற்பட்டியலில் பெரும்பாலான சொற்கள் முடிவாகிவிட்டன. காஷ்போ என்ற கலத்துக்கு மட்டும் அலங்காரத் தொட்டி, மறைதொட்டி, பாலிகை, உறைத்தொட்டி என்று நான்கு முன்மொழிவுகள் நிற்கின்றன. இந்நான்கையும் விடுத்து, தொட்டியுறை என்ற சொல்லை ஏற்கலாம் என்பது என் கருத்து.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அடியில் துளையுள்ள எளிய தொட்டி ஒன்றில் செடி வளர்கிறது. அத்தொட்டியை அப்படியே தூக்கி, துளையில்லாத அழகிய கலம் ஒன்றினுள் இறக்கி வைக்கிறோம். இந்த வெளிக்கலந்தான் காஷ்போ. மண் இதில் நேரடியாகப் படுவதில்லை. நாற்றங்கால்களில் இதையும் துளையுள்ள அழகுத் தொட்டியையும் சேர்த்தே ‘செராமிக் பாட்’ என்று சொல்லிவிடுகிறார்கள். ‘அலங்காரத் தொட்டி’ என்ற முன்மொழிவும் அந்தக் குழப்பத்தையே தமிழில் நிலைநிறுத்தும். சொல்லைக் கேட்பவர் அதில் மண்ணை நிரப்பிச் செடியை நடலாம் என்றே எண்ணுவார்.

மலைநாட்டில் இது சிறிய குழப்பம் அன்று. நீலகிரியின் மேற்குப் பகுதிகளில் தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும், குன்னூர், கோத்தகிரி பக்கமும் பழனி மலையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் காற்று ஈரமாகவே இருப்பதால், வீட்டுக்குள் வைத்த மண் எளிதில் உலராது. சமவெளியில் சுட்ட மண்தொட்டியின் பக்கச் சுவர் வழியாக வெளியேறிவிடும் ஈரம், இங்கே தொட்டியின் மேற்பரப்பிலேயே தங்கிப் பாசியாகப் படர்கிறது. துளையில்லாத பீங்கான் கலத்தில் நட்ட செடியின் நிலையோ இன்னும் மோசம்: ஊற்றிய நீர் அடியில் தேங்க, வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் அழுகல் தொடங்கும், இலை மஞ்சளானதைக் கண்டு நீர் போதவில்லை என்று கருதி மேலும் ஊற்றுவார்கள். அடியில் கூழாங்கல் பரப்பிவிட்டால் போதும் என்று சொல்வதும் பயனற்றது. நுண்ணிய மண்ணிலிருந்து பருத்த கல்லுக்கு நீர் எளிதில் இறங்காது. கல்லுக்கு மேலுள்ள மண்ணிலேயே நிறைந்து நிற்கும். ஆனால் காஷ்போவினுள் கல்லைப் பரப்பி, அதன்மேல் உள்தொட்டியை வைத்து, கீழே வடியும் நீர் துளையைத் தொடாமல் பார்த்துக்கொள்வது வேறு செயல், அது நல்லது. ‘தொட்டி’ என்றே பெயரிட்டால் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கும்.

இனி மற்ற முன்மொழிவுகள். பிரெஞ்சு மூலத்தில் மறைத்தல், தொட்டி என்ற இரு பொருள்களும் சேர்ந்திருப்பதால் ‘மறைதொட்டி’ என்றார் கோத்தகிரி அன்பர். வினைத்தொகையாகக் கொண்டால் அது மறைகின்ற தொட்டியைக் குறிக்கும். மறைக்கின்ற தொட்டியைக் குறிக்காது. உள்ளே ஒளிந்திருப்பதற்குரிய பெயர் வெளியே இருப்பதற்கு ஆகாது. ‘பாலிகை’ எனக்கும் மிகவும் பிடித்த சொல்தான். மணச்சடங்கில் முளைவிட்ட தானியங்களோடு நிற்கும் அந்தக் கலம், செடியையும் கலத்தையும் ஓரழகாகக் காணும் மரபு நமக்குப் புதிதன்று என்று காட்டுகிறது. ஆயினும் பாலிகையில் விதையை நேரடியாக ஊன்றுகிறோம். காஷ்போவில் செய்யக் கூடாதது அதுவே.

‘உறைத்தொட்டி’ இலக்குக்கு அருகில் வந்துவிட்டது. தடை என்னவென்றால், மார்கழி, தைமாத விடியலில் உதகையின் புல்வெளி வெளுத்துக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ‘உறை’ முன்னே வந்தவுடன் உறைபனிதான் நினைவுக்கு வரும். அதே சொல்லைப் பின்னே வைத்துத் ‘தொட்டியுறை’ என்றால், தலையணையுறை, வாளுறை ஆகியவற்றின் வரிசையில் அது தானாகச் சேர்ந்துகொள்கிறது. உள்ளே இருப்பது தனிப்பொருள், மேலே இருப்பதைக் கழற்றி மாற்றலாம் என்ற இரண்டு செய்திகளையும் அச்சொல்லே சொல்லிவிடுகிறது.

கழற்றி மாற்றலாம் என்பதுதான் செடியணியின் உயிர்நாடி. மே மாதம் உதகைத் தாவரவியல் பூங்காவின் மலர்க்காட்சியில் மாடங்களில் அடுக்கப்படும் தொட்டிகளை யாரும் பார்ப்பதில்லை. அங்கே பூவே எல்லாம். வீட்டில் பார்வையின் பாதியைக் கலம் எடுத்துக்கொள்கிறது. குன்னூர், உதகைப் பகுதிகளின் பழைய பங்களாக்களில், தேக்குப் பலகைத் தரையும் கணப்பும் வெளித்துருத்திய சாளரமும் உள்ள கூடத்தில், பழகி மங்கிய பித்தளை அண்டாவினுள் பெரணித் தொட்டியை வைத்தால் அது அந்த வீட்டோடு பிறந்ததுபோல் பொருந்தும். சாளரத்தடியில் நீலமும் வெள்ளையுமான பீங்கானில் ஜெரேனியம் நன்றாக இருக்கும். கணப்பின் அருகில் மட்டும் எந்தச் செடியும் வேண்டாம். அந்த வறண்ட வெப்பத்தில் பெரணியின் இலைநுனி கருகிவிடும். பலகைத் தரையில் துளைத்தொட்டியை அப்படியே வைத்தால் கறை போகாது என்பதால், அங்கே தொட்டியுறை அழகுக்கு முன்னால் தேவைக்கே வந்துவிடுகிறது.

படகர்களின் ஊர்களான ஹட்டிகளில் உள்ள பழைய வரிசை வீடுகளில் நிலைமை வேறு. உள்ளே ஒளி குறைவு. இருண்ட இலைக்கு இருண்ட கலம் சேர்ந்தால் மூலையில் ஒன்றும் தெரியாது. குறைந்த ஒளியைத் தாங்கும் ஆஸ்பிடிஸ்ட்ராவையோ மருளையோ வெளிர் மஞ்சள் அல்லது பால்வெள்ளை மெருகிட்ட உறையில் வைத்தால் இலையின் வடிவம் தெளியும். கோத்தர் பழங்குடிப் பெண்கள் மட்கலம் வனையும் மரபு கொண்ட இம்மலையில், மெருகிடாத மண்கலத்தை விரும்புவோரும் உண்டு. அதனுள் நீர்தாங்கும் தட்டு ஒன்றை வைத்தாக வேண்டும். சாம்பல்நிறப் பளபளப்புத் தரையும் வெள்ளைச் சுவரும் கொண்ட புதிய அடுக்ககங்களில் பலவண்ணச் சிறு கலங்களை வரிசையாக அடுக்குவது கடையின் காட்சியலமாரி போலாகிவிடும். அங்கே செம்மண் நிறத்தில் பெரிய உறை ஒன்றும், அதனுள் ரப்பர் செடி ஒன்றும் போதும். உறையின் உயரம் மொத்த உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருந்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். உள்தொட்டிக்கும் உறைக்கும் இடையே விரலளவு இடைவெளி வேண்டும்.

தோழமையுடன்,
குன்னூரிலிருந்து

கொடைக்கானலிலிருந்து மறுமொழி:

ஐயா, வணக்கம். காரணங்கள் ஏற்புடையவை, ஒரே ஓர் ஐயம் இருக்கிறது. எங்கள் பக்க நாற்றங்கால்களில் கறுப்பு நெகிழிப் பையில் வளர்ந்த செடியைக் ‘கவர்ச்செடி’ என்கிறார்கள். கவரை உறை என்று பெயர்த்துப் பழகியவர்கள், தொட்டியுறை என்றதும் அந்தப் பையை நினைக்க மாட்டார்களா? மேலும், ஊசியிலை மரப்பலகை பதித்த எங்கள் விடுதி அறைகளில் பிரம்புக்கூடையே மிகுதியாகப் புழங்குகிறது. சுவரும் கூடையும் ஒரே நிறத்தில் கலந்துவிடுவதால் அடர்நீலப் பீங்கானே அங்கு எடுப்பாக இருக்கும் என்பது என் எண்ணம். அது எப்படியானாலும், கூடையையும் இச்சொல் தாங்குமா?

குன்னூரிலிருந்து:

அம்மா, நெகிழிப் பைக்குத் தமிழில் ‘பை’ என்ற சொல் உறுதியாக இருக்கிறது. நாற்றுப்பை, வளர்பை என்றே பட்டியலில் சேர்த்திருக்கிறோம். அந்தப் பையில் மண் உண்டு, உறையில் மண் இல்லை என்பதால் வரையறையே இரண்டையும் பிரித்துவிடும். பிரம்புக்கூடைக்கும் தடையில்லை, செய்பொருளை முன்னே சேர்த்துப் பிரம்புத் தொட்டியுறை, பித்தளைத் தொட்டியுறை, பீங்கான் தொட்டியுறை என்று சொல்லிக்கொள்ளலாம். துளையுள்ளதும் செடியை நேரடியாக நடுவதற்கு ஏற்றதுமான அழகுக் கலத்துக்கு ‘அலங்காரத் தொட்டி’யை ஒதுக்கிவிட்டால் அச்சொல்லும் வீணாகாது.

பட்டியலில் இடவேண்டிய வரையறை: தொட்டியுறை – செடி வளரும் துளைத்தொட்டியை உள்ளே வைத்து மறைப்பதற்கான, மண் இடப்படாத, கழற்றி மாற்றத்தக்க வெளிக்கலம்.

எஞ்சியிருப்பது தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டு. ‘அடித்தட்டு’ என்ற முன்மொழிவு, செய்தித்தாள்களில் அடித்தட்டு மக்களோடு பழகிப்போன நம் காதுக்கு வேறு திசையில் போகிறது. ‘நீர்த்தட்டு’ என்று வைத்துக்கொள்ளலாமா என்பதை மற்ற அன்பர்களும் தெரிவிக்க வேண்டுகிறேன்.