கண்ணாடிக்குப் பின்னால் வைத்த தெர்மல் கேமராவில் யானை தெரியவில்லை, என் முகம்தான் தெரிகிறது

நவக்கரை தோப்பு:
வாளையார் பக்கம் தென்னந்தோப்புங்க. இரவில் யானை வருவதைப் பார்க்க 256×192 புள்ளிகள் கொண்ட தெர்மல் கேமரா, 7 மி.மீ. லென்ஸ். மழைக்குப் பயந்து பெட்டிக்குள் வைத்து முன்னால் 4 மி.மீ. கண்ணாடி போட்டேன். வெளியே ஒன்றுமே தெரியவில்லை. அக்ரிலிக் மாற்றியும் அதே கதை. கேமரா பழுதா?

பேனல்போர்டு:
பழுதில்லைங்க. அந்தக் கேமரா பார்ப்பது 8 முதல் 14 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளமுள்ள வெப்பக் கதிரை. சாதாரணக் கண்ணாடி, அக்ரிலிக், பாலிகார்பனேட் மூன்றுமே அதற்குச் சுவர் மாதிரி. கண்ணாடியில் உங்கள் உடம்புச் சூடு பட்டுத் திரும்புகிறது, அதுதான் முகம். வெளியில் வைக்கவென்றே வரும் கேமராக்களில், இந்தக் கதிரை உள்ளே விடும் ஜெர்மேனியம் ஜன்னல் இருக்கும். விலை கடிக்கும்.

மலிவாக வேண்டுமென்றால் மெல்லிய பாலித்தீன், 20 முதல் 30 மைக்ரான். கண்ணுக்கு இருட்டாகத் தெரியும் கருப்புக் குப்பைப் பைகூட இந்தக் கதிரை நன்றாகவே விடும். வெள்ளை கேரி பேக் வேண்டாம், பலவற்றில் சுண்ணாம்புக்கல் தூள் கலப்பு, அது கதிரைத் தடுக்கும். பசுமைக்குடில் ஷீட் பக்கமே போகாதீங்க: 200 மைக்ரான் கனம், அதிலும் சூடு வெளியேறாமலிருக்க மருந்து கலந்த ரகம் இருக்கிறது. அந்த மருந்து தடுப்பதே நமக்கு வேண்டிய கதிரைத்தான்.

சோதிக்க: மண்சட்டியில் சுடுதண்ணீர் ஊற்றி 3 மீட்டர் தள்ளி வையுங்க. பாலித்தீன் ஷீட் இல்லாமல் ஒரு படம், ஷீட்டோடு ஒரு படம். விளிம்பு மங்காமல் இருந்தால் போதும். எவர்சில்வர் டம்ளரை வைத்துச் சோதித்தால் ஏமாந்துபோவீங்க. பளபள உலோகம் தன் சூட்டைக் காட்டாது, சுற்றியுள்ளதைக் காட்டும். அதில் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினால் டேப் மட்டும் உண்மையைச் சொல்லும்.

மதுக்கரை வயர்மேன்:
கூடவே இரண்டு விஷயம் அண்ணா. ஷீட் ஒற்றை அடுக்காக, சுருக்கமில்லாமல், லென்ஸுக்கு ஒட்டினாற்போல் இழுத்துக் கட்டணும். தள்ளிப்போனால் சுருக்கமெல்லாம் படத்தில் விழும். ஷீட் வழியாகப் படிக்கும் டிகிரி தப்பாகத்தான் வரும். யானையைக் காண அது தேவையில்லை.

பனித்துளி படிந்தால் படம் போச்சு. மெல்லிய நீர்ப்படலமே இந்தக் கதிரை விழுங்கிவிடும். 110 மி.மீ. பிவிசி பைப்பை 15 செ.மீ. வெட்டி, லென்ஸுக்கு முன்னால் சற்றுக் கீழ்நோக்கிய தொப்பியாக மாட்டுங்க. 20 செ.மீ. வைத்தால் படத்தின் மூலைகளில் பைப்பே தெரியும். வெயிலில் பாலித்தீன் நொறுங்கும், மாதம் ஒருமுறை மாற்றணும்.

பேனல்போர்டு:
தகர ஷெட் பார்வைக்குள் வருகிறதா? தகரம் சூடில்லாத வானத்தைப் பிரதிபலித்துக் கன்னங்கரேலென்று தெரியும். பக்கத்தில் ஆள் நடந்தால் தகரத்திலும் ஒரு உருவம் நகரும், யானையென்று அலறாதீங்க. பாறையும் சிமென்ட் களமும் பகல் சூட்டை இரவு 9 மணி தாண்டியும் பிடித்துவைக்கும், நள்ளிரவுக்குப் பின் படம் தெளியும். சேற்றில் குளித்துவந்த யானை ஈரத்தால் மங்கலாகத் தெரியும். வாழை இலை அடர்ந்தால் அதற்குப் பின்னால் இருப்பது தெரியவே தெரியாது, இடைவெளியில்தான் சிக்கும்.

உங்கள் சென்சாரில் ஒரு புள்ளியின் அளவு 12 மைக்ரான் என்றால், 100 மீட்டரில் படத்தின் ஒரு புள்ளிக்குள் 17 செ.மீ. அடங்கும். 2.5 மீட்டர் உயர யானைக்கு 14, 15 புள்ளி கிடைக்கும். 300 மீட்டரில் 5 புள்ளிதான். ஏதோ நிற்கிறது என்பது தெரியும், மாடா யானையா என்பது தெரியாது. தெரிந்ததும் டார்ச்சோடு ஓடாமல் வனத்துறைக்கு போன் போடுங்க.

நவக்கரை தோப்பு:
நன்றிங்க. மண்ணை மூடப் போடும் கருப்பு-வெள்ளி மல்ச்சிங் ஷீட் 25 மைக்ரான் மிச்சமிருக்கிறது, அது ஆகுமா?

மதுக்கரை வயர்மேன்:
வெள்ளி நிறத்துக்கு அலுமினியத்தூள் சேர்த்திருப்பார்கள், அது வேண்டாம். இரண்டு பக்கமும் கருப்பாக உள்ள ஷீட் என்றால் சட்டி சோதனை செய்து பாருங்க.